வெட்கம் கழற்றிய சொல்

ஹம்தான், நுஹா, சோற்றுச் சட்டி நடுவில் வந்ததும் உங்களுக்கு மூத்தவள் சப்னா ராத்தா "சேம்லெஸ்லி!" என்று கத்துவதும், உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வதும், என்ன ஏதென்று தெரியாமலே நீங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பதும் நம் வீட்டில் வழமையாகிவிட்டது. சிரியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று தெரிந்து சிரிப்பது நல்லதல்லவா? உங்கள் வாப்பாவைப் பார்த்துத்தான்.

அது நான் ஆங்கிலம் படித்த கதை. சட்டை போட மறுத்து நீங்கள் வீடெல்லாம் ஓடித் திரிந்த காலம். ராத்தா எட்டாம் வகுப்பில் இருந்தாள். ஒருநாள் ஆங்கிலப் பாடத்தில், தான் டொக்டராக வருவேன் என்று நம்புவதாகக் கரும்பலகையில் எழுதப் போனவள், hoping என்ற சொல்லில் ஒரு p-ஐக் கூடுதலாகப் போட்டுவிட்டாள். ஒரு p கூடினால் நம்புவது போய்த் தத்துவது ஆகிவிடுமாம். 'நான் டொக்டராவதற்குத் தத்திக்கொண்டிருக்கிறேன்.' அன்றிலிருந்து வகுப்பில் அவளுக்குப் பெயர் தவளை டொக்டர்.

அதன் பிறகு ஆங்கிலப் பாடம் உள்ள நாளெல்லாம் அவளுக்கு வயிற்றுவலி.

"வாப்பா, நான் டொக்டராகல்ல. இங்கிலீசு தேவப்படாத வேல ஏதும் இரிக்கா?"

"ஏன் இல்லாம? என்ட வேல இரிக்கே மகள்."

கிறீஸ் படிந்த என் கைகளை ஒருமுறை பார்த்தாள். அழுகை இரண்டு மடங்காகியது. (நான் ஆறுதல் சொன்னேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.)

பைக் திருத்துகிற எனக்கும் ஆங்கிலத்துக்கும் எப்போதுமே ஒத்துவந்ததில்லை. ஓ.எல். சோதனையில் ஆங்கிலத் தாளில் நான் பிழையில்லாமல் எழுதியது என் பரீட்சைச் சுட்டிலக்கத்தை மட்டும்தான். ஆனாலும் அந்த வயிற்றுவலிக்கு மருந்து ஆங்கிலத்தில்தான் இருந்தது. அவளுடைய புத்தகத்தைக் கராஜுக்குக் கொண்டுபோய், வேலை இல்லாத நேரத்தில் புரட்டினேன். புரட்டப் புரட்ட எனக்கு ஆச்சரியம். இந்தச் சொற்களெல்லாம் பைக்குகள்தானே! நடுவில் ஓர் எஞ்சின். முன்னால் ஒன்றைப் பூட்டலாம், பின்னால் ஒன்றைப் பூட்டலாம். இதற்கா இவ்வளவு காலமும் பயந்தேன்?

மஃரிப் தொழுகைக்குப் பிறகு மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"இஞ்ச பாருங்க மகள். hop குட்டச் சொல்லு. ing பூட்டக்குள்ள ஆட்டங் காணும். அதுக்குத்தான் இன்னொரு p-ய வாஷரா வைக்கிற. hope-ல பின்னுக்கு e இரிக்கி. அதுக்கு வாஷர் தேவல்ல. e-யக் கழட்டிப்போட்டு ing-அப் பூட்டு, சரி."

"எப்பவும் e-யக் கழட்டுறதா வாப்பா?"

"இல்ல. பின்னுக்கு வாற வால் உயிரெழுத்தில தொடங்கினா e கழரும். மெய்யெழுத்தில தொடங்கினா e அசையாது. hope-ல less-அப் பூட்டிப் பாருங்க."

hopeless என்று எழுதினாள். எழுதிவிட்டு நிமிர்ந்து சிரித்தாள். எனக்கு எஞ்சின் ஸ்டார்ட் ஆன சத்தம் கேட்டது.

வயிற்றுவலி நின்றது. ஆனால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. less என்றால் 'இல்லாத' என்று தெரிந்ததும், பிரேக் பிடிக்காத பைக்கைப் பிரேக்லெஸ் என்றேன், கண்ணாடி உடைந்ததைக் கண்ணாடிலெஸ் என்றேன். கடைசியில், என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற ஒரு வாடிக்கையாளர் பொறுமை இழந்து, "காக்கா, முதல்ல பைக்கச் செய்யுங்க. இங்கிலீச மறுகா செய்யலாம்" என்றார்.

அந்த நேரம்தான் பாடசாலையில் ஆங்கில தினம் வந்தது. எழுத்துக்கூட்டும் போட்டிக்கு ராத்தா தானாகவே பெயர் கொடுத்திருந்தாள். தவளை என்று கத்தியவர்களுக்கு முன்னால் மேடையேறப் போகிறாள். அன்று அவள் ஏறாவிட்டால் இனி ஒருநாளும் ஏறமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

போட்டிக்கு முன்னால் தேநீர் உபசாரம். அதில் நம் வீட்டுப் பங்கு, முட்டையும் கருப்பட்டியும் கலந்து அவிக்கிற வட்டிலப்பம், பரிமாறுவது நான். உம்மாவின் வட்டிலப்பம் எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. (எனக்கு அப்போதே சீனி வருத்தம், மணந்து பார்க்க மட்டும்தான் அனுமதி.) அன்று மண்டபத்தில் ஆங்கிலம் மட்டும்தான் கதைக்க வேண்டும் என்றொரு சட்டம். பிரதம அதிதியாக வருகிற மெடம் தூரத்து ஊர், தமிழ் தெரியாதவர். உம்மாவுக்கு அதுதான் பெரிய கவலை.

"தட்ட நீட்டிப்போட்டு ஊமையன் மாதிரி நிக்கப் போறீங்களா? 'வெக்கப்படாமச் சாப்பிடுங்க' எண்டு ஒரு வார்த்த சொல்லாட்டி அது ஒரு சாப்பாடா?"

"வாயால சொன்னாத்தானா? எழுதி வைக்கிறன்."

சிரிக்காதீர்கள், இனித்தான் இருக்கிறது. ஸ்பார்க் பிளக் வந்த பெட்டியின் அட்டையை வெட்டினேன். பெயின்ட் எடுத்தேன். வெட்கத்துக்கு shame என்பது அகராதியில் கிடைத்தது. வெட்கம் இல்லாமல் என்றால்? less-ஐப் பூட்டு. less மெய்யெழுத்தில் தொடங்குகிறது, ஆகவே e அசையாது. 'இப்படி' என்று சொல்வதற்கு ly. அதுவும் மெய்தான், பூட்டு. ஒரு நட்டுக்கூட மிஞ்சவில்லை! போனில் ஒரு தடவை பார்த்திருக்கலாம். ராத்தாவிடம் காட்டியிருக்கலாம். ஆனால் தன் கையால் எஞ்சின் பூட்டியவன் பக்கத்துக் கராஜில் போய்க் கேட்பானா?

PLEASE EAT SHAMELESSLY.

வட்டிலப்பத்துக்கு முன்னால் அட்டையை நிறுத்திவிட்டு, நான் தேத்தண்ணிக் கேத்தலுக்குப் பின்னால் பெருமையோடு நின்றேன். மெடம் வந்தார். வாசித்தார். கைக்குட்டையால் வாயைப் பொத்தினார். தோள்கள் குலுங்கின. ஆங்கிலம் படிப்பிக்கிற சேர் ஓடிவந்து பார்த்தார், அவருடைய முகம் பெற்றோல் தீர்ந்த பைக் மாதிரி நின்றுபோனது. அந்தச் சொல், மானம் மரியாதை கெட்டவர்களைத் திட்டுகிற சொல்லாம். தூரத்திலிருந்து வந்த விருந்தாளியிடம், 'மானங்கெட்டுத் தின்னுங்கள்' என்று எழுதி வைத்திருக்கிறேன்!

சிரிப்பு மண்டபம் முழுக்கப் பரவியது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "தவளைட வாப்பாடா!" என்றது. (அதற்கு மட்டும் ஆங்கிலச் சட்டம் இல்லை.)

"இதை யார் எழுதியது?" என்று அதிபர் ஆங்கிலத்தில் கேட்டார். நான் கேத்தலுக்குப் பின்னால் குனிந்தேன். என் வயிறு அந்தக் கேத்தலைவிட அகலம் என்பது அப்போதுதான் தெரிந்தது. ராத்தாவைத் தேடினேன். வாசலுக்குப் பக்கத்தில் நின்றாள். அப்படியே வீட்டுக்கு ஓடிவிடப் போகிறாள், இனி இந்தப் பக்கமே வரமாட்டாள், எல்லாம் என்னால் என்று நினைத்தேன்.

அவள் நடந்து வந்தாள். நேரே மெடத்திடம். ஆங்கிலத்தில், "என்ட வாப்பா எழுதின, மெடம். இதுல ஏதும் எழுத்துப் பிழ இரிக்கா?" என்று கேட்டாள். (அவள் கேட்டதை நம் பேச்சில் எழுதுகிறேன்.)

மெடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அட்டையை இன்னொரு தடவை வாசித்தார். "இல்லை. ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லை."

அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டாள் உங்கள் ராத்தா. shame எங்கே முடிகிறது, less எங்கே தொடங்குகிறது, e ஏன் கழலவில்லை என்று விரலை வைத்து வைத்துக் காட்டினாள். பிறகு, நம் வீட்டுக்கு வருகிறவர்களிடம் நாங்கள் சொல்வது இதுதான் என்று, சட்டத்தை உடைத்துத் தமிழிலேயே சொன்னாள்: "வெக்கப்படாமச் சாப்பிடுங்க." அதன் அர்த்தத்தையும் ஆங்கிலத்தில் விளக்கினாள்.

மெடம் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஒரு கிண்ணம் முடித்தார். இன்னொன்றைத் தானாக எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "சேம்லெஸ்!" என்றார். நான் "தேங்க்யூ" என்றேன். வேறென்ன சொல்ல?

போட்டியில் என்ன நடந்தது என்றுதானே கேட்கிறீர்கள்? ராத்தா மேடையேறினாள். ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். கடைசியில் truly வந்தது. true-வில் ly பூட்ட வேண்டும், ly மெய்யெழுத்து, ஆகவே e அசையாது. உறுதியாக e-ஐயும் சேர்த்துச் சொன்னாள். பிழை என்று மணி அடித்துவிட்டது. அந்த மாதிரி ஒன்றிரண்டு சொல்லில் மட்டும் e கழலுமாம்!

இரண்டாமிடத்தோடு இறங்கி வந்தவளின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவள் சிரித்துக்கொண்டு வந்தாள்.

"வாப்பா, e அசையாதெண்டு நீங்கதானே சொன்னீங்க!"

"சில பைக்ல ஒரு நட்டு மட்டும் மற்றப் பக்கம் திருகினாத்தான் மகள் கழரும். அத நான் சொல்ல மறந்துட்டன்."

தவளை டொக்டர் என்ற பெயர் அந்த வாரத்தோடு போய்விட்டது. அதற்குப் பதிலாக எனக்கொரு பெயர் வந்தது. அதை நீங்கள் தினமும் சாப்பாட்டு நேரத்தில் கேட்கிறீர்கள். ராத்தா இப்போது உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கிறாள். டொக்டராவேன் என்று இன்னும் நம்பிக்கொண்டுதான் இருக்கிறாள், ஒரே ஒரு p-யோடு.

அந்த ஆங்கில தினத்தன்று எல்லோரும் போன பிறகு, தட்டுகளைக் கழுவப் பாடசாலைத் தண்ணீர்க் குழாயடிக்குப் போனேன். மூலையில் ஒரு கிண்ணம் வட்டிலப்பம் யாரும் தொடாமல் இருந்தது. இந்தப் பக்கம் பார்த்தேன். அந்தப் பக்கம் பார்த்தேன். உம்மாவும் இல்லை, டொக்டரும் இல்லை. அட்டையைக் குழாயின்மேல் சாய்த்து நிறுத்தினேன். நான் எழுதியதை நானே ஒருமுறை எழுத்துக்கூட்டி வாசித்தேன். பிறகு அதில் சொல்லியிருந்தபடியே செய்தேன்.