நான் ஏத்திக்கொண்டு வந்தது ஆர்ர மாமி?

அண்டைக்குச் சனிக்கிழமை. எனக்கு இருந்த வேலை ஒண்டே ஒண்டுதான். என்ர மனிசி மெர்சியின்ர சின்னம்மா புல்மோட்டையில இருந்து பஸ்ஸில வாறா. அவவை வான்ல ஏத்திக்கொண்டு வீட்டுக்கு வரவேணும்.

அவ்வளவுதான்!

நான் திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் ஸ்பீக்கர் வாடகைக்கு விடுற ஆள். திருவிழா, கலியாணம், செத்தவீடு எல்லாத்துக்கும் சத்தம் குடுக்கிறதுதான் என்ர தொழில். சத்தம் குடுக்கத் தெரியும். காது குடுக்கத்தான் தெரியாது. கொஞ்ச நாளைக்கு முந்தி ஒருத்தர் போன்ல சொன்னதை அரைகுறையாக் கேட்டுப்போட்டு, ஒரு செத்தவீட்டுக்கு டிஸ்கோ லைட் அனுப்பினனான். அந்தக் கதை இப்ப வேண்டாம்.

காலமை நான் போனை நோண்டிக்கொண்டு இருக்கேக்க, மெர்சி குசினியில நிண்டு ஏதோ நீட்டா ஒரு கதை சொன்னவ. என்ர காதில விழுந்தது இவ்வளவுதான்: "இஞ்சேருங்கோ... சின்னம்மா... நீலச் சீலை... காது கேக்காது..."

"விளங்கினதோ?"

"ஓம் ஓம். விளங்கினது."

சின்னம்மாவை நான் ஒருநாளும் கண்டதில்லை. போன வருசம் எங்கட கலியாணத்துக்கு, உடம்புக்கு வருத்தமெண்டு, அவ வரேல்லை. மெர்சி அவவின்ர படத்தை வட்ஸ்அப்பில அனுப்பியிருந்தவ. நான் அதைத் திறக்கேல்லை. நீலச் சீலை எண்டா காணாதோ?

பஸ் ஸ்டாண்டுக்குப் போனா, எங்கட டவுனில மாடு மாதிரித் திரியிற மான் ரெண்டு நடுவழியில படுத்திருக்கு. ஹோர்ன் அடிச்சன். அதுகள் காதை மட்டும் ஆட்டிச்சுதுகள். சுத்திக்கொண்டு உள்ளுக்குப் போனன்.

புல்மோட்டை பஸ் வந்து நிக்குது. நீலச் சீலை கட்டின ஒரு மனிசி இறங்கி, கையில ஒரு பையோட அங்கால இஞ்சால பார்த்துக்கொண்டு நிக்கிறா.

"மாமீ!" எண்டு கத்தினன். காது கேக்காத ஆளெல்லே! பக்கத்தில கச்சான் கடலை வித்துக்கொண்டிருந்தவரின்ர கையில இருந்த கச்சான் முழுக்க நிலத்தில.

அவ என்னைப் பார்த்தா. வானைப் பார்த்தா. முகம் அப்பிடியே மலர்ந்துபோச்சு.

"வெள்ளை வான் எண்டுதான் சொன்னவை. நீங்கள்தானே தம்பி?"

"நானேதான் மாமி! ஏறுங்கோ!"

ஏறிட்டா. நானும் வெளிக்கிட்டன்.

"படத்தில பார்த்ததுக்குக் கொஞ்சம் வயசு தெரியுது," எண்டா.

"ஓம் மாமி! வேலை கூட!"

"ஏன் தம்பி இப்பிடிக் கத்துறீங்கள்?"

பாவம், என்ர சத்தம் காணாது போல எண்டு நினைச்சு இன்னும் கொஞ்சம் கூட்டினன். ரோட்டில போறவை எல்லாம் திரும்பிப் பார்க்கினம்.

அந்த நேரம் அவவின்ர போன் அடிச்சுது. "ஓம், ஓம், ஏறிட்டன்" எண்டு சொன்னவ, பிறகு முகத்தைச் சுருக்கிக்கொண்டு என்னட்டைத் திரும்பினா. "தம்பி, ஆரோ பஸ் ஸ்டாண்டில நிண்டு என்னைத் தேடுறாராம்."

"ராங் நம்பர் மாமி! வையுங்கோ!"

காது கேக்காத மனிசி போன்ல எப்பிடிக் கதைக்கிறா எண்டு அப்பவாவது யோசிச்சிருக்கலாம். யோசிக்கேல்லை.

மீன் மார்க்கெட்டடியால போகேக்க, நீலச் சீலை கட்டின இன்னொரு மனிசி வானைப் பார்த்துக் கையை ஆட்டிச்சுது. நானும் மரியாதைக்குக் கையை ஆட்டிப்போட்டுப் போனன்.

"மாமி, உங்களுக்கெண்டு மனிசி காலமையில இருந்து சமைக்கிறா! கணவாய்க் கறி!"

"ஆர்ர மனிசி?"

"என்ர மனிசி!"

"உங்களுக்கு மனிசி இருக்கோ?"

சரிதான், காதோட சேர்த்து மறதியும் போல எண்டு நினைச்சன். "இருக்கிறாவே! போன வருசம் கட்டினனான்! நீங்கள்தான் கலியாணத்துக்கு வரேல்லை!"

கண்ணாடியில பார்த்தா, அவவின்ர முகம் அந்தச் சீலையின்ர நிறத்துக்கு வந்திட்டுது.

"வானை நிப்பாட்டு!"

"பாத்ரூமுக்கோ மாமி? கொஞ்சம் பொறுங்கோ! வீடு கிட்ட வந்திட்டுது!"

"நிப்பாட்டடா!"

பையால அடிச்சா. பை முழுக்கக் கருவாடு. சீலாக் கருவாடு காய்ஞ்சா பலகை மாதிரி எண்டு அண்டைக்குத்தான் என்ர தலைக்குத் தெரிஞ்சது.

ஆக்களைக் கடத்தினதே வெள்ளை வான்லயெண்ட எங்கட நாட்டில, அதுக்குள்ள ஒரு மனிசி நிப்பாட்டு, நிப்பாட்டு எண்டு கத்தினா சனம் என்ன நினைக்கும்? பயத்தில வானை இன்னும் வேகமா விட்டன். அதுவும் பிழை.

வீட்டு வாசல்ல வான் நிண்டதும் மெர்சி சிரிச்சுக்கொண்டு வெளிய வந்தா. உள்ளுக்கு எட்டிப் பார்த்தா. சிரிப்பு நிண்டிட்டுது.

"ஆர் இவ?"

நான் வாயைத் திறக்க முந்தி அந்த அம்மா இறங்கிட்டா. கண் கலங்கிப் போயிருக்கு. "பிள்ளை, நீதானே இவன்ர மனிசி? உன்ர மனிசன் என்ர மகளைக் கட்டித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறான்!"

நான் உடன "இல்லை மெர்சி, அவவுக்குக் காது கேக்காது, அதுதான்..." எண்டு தொடங்கினன்.

"நீங்கள் வாயை மூடுங்கோ," எண்டா மெர்சி. சத்தம் போடாமல்தான் சொன்னா.

பிறகு அவ செய்தது வேற ஒண்டும் இல்லை. அந்த அம்மாவைக் கதிரையில இருத்தித் தண்ணி குடுத்தா. முன்னால இன்னொரு கதிரையைப் போட்டு இருந்தா. "முதல்ல இருந்து சொல்லுங்கோ அன்ரி" எண்டா. குறுக்க ஒரு சொல்லுக்கூடக் கதைக்கேல்லை.

அம்மா மெல்ல மெல்லச் சொல்லத் தொடங்கினா. புல்மோட்டை பஸ் வாற வழியில இருக்கிற சாம்பல்தீவு ஆள். மனிசன் கடலுக்குப் போயிருக்கிறார். ஒரே ஒரு மகள், ரீச்சராப் படிப்பிக்கிறா. புரோக்கர் இஞ்ச டவுனுக்குள்ள உவர்மலையில ஒரு மாப்பிள்ளை சொன்னவராம். ஆக்களை நேரில பார்க்காமல் பிள்ளையைக் குடுக்க மனம் இல்லாமல், துணிஞ்சு தனிய வெளிக்கிட்டு வந்திருக்கிறா. மாப்பிள்ளையே வெள்ளை வான்ல வந்து ஏத்துவார் எண்டு சொல்லியிருக்கினம்.

"நான் எத்தினை தரம் கேட்டனான் பிள்ளை. ஒண்டுக்காவது இந்தத் தம்பி நேராப் பதில் சொன்னவரெண்டா, நான் அப்பவே இறங்கியிருப்பன்," எண்டா. அவ அழுததைப் பார்க்க எனக்கு உண்மையாவே வெக்கமாப் போச்சு.

மெர்சி என்னைப் பார்த்தா. "சின்னம்மா எங்க?"

அவ கேட்கவும் போன் அடிக்கவும் சரியா இருந்தது. சின்னம்மாதான்! மீன் மார்க்கெட்டடியில வெயிலுக்குள்ள நிக்கிறாவாம். ஆரோ ஒரு விசரன் வான்ல போகேக்க தனக்குக் கையை ஆட்டிப்போட்டுப் போறானாம்.

எல்லாரும் வான்ல ஏறினம். முதல்ல உவர்மலை. அங்க மாப்பிள்ளையின்ர தாய் வாசல்ல நிண்டு அழுறா. மாப்பிள்ளை பஸ் ஸ்டாண்டை மூண்டு தரம் சுத்திப்போட்டு, பொலிசுக்குப் போக ஷேர்ட் மாத்திக்கொண்டு நிக்கிறார்.

அம்மா இறங்கினதும் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, உங்களுக்கு மனிசி இருக்கோ?"

மாப்பிள்ளை சிரிக்கேல்லை. "இல்லை அன்ரி. நீங்கள் நல்லாப் பயந்துபோனீங்கள் போல. முதல்ல வந்து இருங்கோ. என்ன நடந்ததெண்டு ஆறுதலாச் சொல்லுங்கோ, கேக்கிறன்," எண்டார்.

அந்த அம்மா கருவாட்டுப் பையை அவரின்ர கையில குடுத்தா. கலியாணம் அந்த இடத்திலேயே முற்றாகிட்டுது எண்டு மெர்சி சொல்லுறா.

அடுத்தது சின்னம்மா. வெயில்ல நிண்டு முகம் சிவந்துபோச்சு. நான் ஓடிப்போய், பிழையைச் சரிக்கட்டிற நினைப்பில, அவவின்ர காதுக்குக் கிட்டக் குனிஞ்சு, "மாமீ! மன்னிச்சுக்கொள்ளுங்கோ!" எண்டு கத்தினன்.

அவ ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கொண்டு துள்ளினா.

"ஐயோ, இவனுக்கு என்ன விசரோ?"

மெர்சி தலையில கையை வைச்சா. "காலமை நான் என்ன சொன்னனான்? சின்னம்மாவுக்கு முந்தித்தான் காது கேக்காது, இப்ப ஒப்பரேஷன் செய்து நல்லாக் கேக்குது, கத்திக் கதைச்சா அவவுக்குப் பிடிக்காது, பஸ் ஸ்டாண்டுக்குப் போகாதேங்கோ, மீன் மார்க்கெட்டடியில இறங்குவா எண்டெல்லே சொன்னனான்!"

சின்னம்மா என்னை மேலயும் கீழயும் பார்த்தா. "ஒப்பரேஷன் ஆள் மாறிச் செய்துபோட்டாங்கள், மெர்சி," எண்டா.

கணவாய்க் கறி நல்லா இருந்தது எண்டு சொல்லிச்சினம். எனக்குக் கிடைச்சது குழம்பு மட்டும்தான்.

ஒரு கிழமையால, மெர்சியும் பக்கத்தில இருக்கேக்க, என்ர ஸ்பீக்கர் கடை போன் அடிச்சுது. எடுத்தா அந்தச் சாம்பல்தீவு அம்மா! மகளின்ர கலியாணத்துக்குச் சவுண்ட் வேணுமாம். எனக்கு வந்த சந்தோசப் புளுகத்துக்கு, "ஓம் அன்ரி, ஓம் அன்ரி, எல்லாம் நான் பார்க்கிறன்! எத்தினை ஸ்பீக்கர் பொக்ஸ் வேணும்? என்ன லைட் வேணும்?" எண்டு மூச்சு விடாமல் கதைச்சன்.

நான் ஓயுமட்டும் அவ பொறுமையாக் கேட்டுக்கொண்டு இருந்தா. பிறகு சொன்னா:

"சரி தம்பி, இப்ப போனை மெர்சியிட்டைக் குடுங்கோ. நான் ஒரு விசயம் கதைக்கவேணும்."