மழைமானிக்குள் பெய்த மழை

கீழே வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் இனி ஆயுளுக்கும் சிக்கரித் தண்ணியே காப்பியாக வாய்க்கட்டும். ஏற்காட்டுக்காரன் இதைவிடப் பெரிய சபதம் எடுக்க முடியாது.

எண்பத்திரண்டாம் வருடம், ஆகஸ்டு மாதக் கடைசி. தலைச்சோலை ஊரில் பாதி திரண்டு வந்து சிங்கராயரின் அலுவலக வாசலில் நின்றது. முன்னால் நின்ற மாதேஸ்வரன் கையில் ஒரு காப்பிச் செடி, வேரோடு. ஒடித்தால் அடுப்பெரிக்கலாம், அப்படிக் காய்ந்திருந்தது.

"ஏனுங்க ரைட்டரய்யா, வறட்சி நிவாரணம் கேட்டுச் சேலத்துக்குப் போனமுங்க. மலையில நார்மலா மழை பெஞ்சிருக்குது, போங்கங்கறாங்க. எங்க பெஞ்சுதுங்க?"

பெய்ததாக எழுதி அனுப்பியவர் சிங்கராயர்தான்.

அரசாங்கப் பழப்பண்ணையில் அவர் எழுத்தர். பண்ணை மூலையில் சிமெண்டு மேடை மேல் ஒரு மழைமானி உண்டு. மேலே புனல், உள்ளே பாட்டில். தினமும் காலையில் பாட்டிலில் எவ்வளவு விழுந்தது என்று அளக்க வேண்டும். பக்கத்துப் பெட்டியில் தொங்கும் வெப்பமானியையும் எட்டிப் பார்க்க வேண்டும். மாதக் கடைசியில் சேலத்து மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். அங்கே அதை நார்மலோடு ஒப்பிடுவார்கள். நார்மல் என்பது, அங்குலம் போய் மில்லிமீட்டர் வந்த காலத்தில் மேலிடத்திலிருந்து இறங்கிய எண்: இந்த மலைக்கு வருடத்துக்கு ஆயிரத்து ஐந்நூற்றுப் பதினைந்து. அதை மாதவாரியாகக் கூறு போட்டும் கொடுத்திருந்தார்கள்.

வேலைக்கு வந்த புதிதில் சிங்கராயர் யோக்கியமாகத்தான் அளந்தார். ஒரு ஜூன் மாதம் மழை பாதிதான் பெய்தது. பாதி என்றே எழுதினார். மெமோ வந்தது: 'நார்மலைவிடக் குறைந்ததற்குக் காரணம் தெரிவிக்கவும்.'

'மழை பெய்யவில்லை' என்று பதில் போட்டார்.

'விளக்கம் திருப்தியாக இல்லை' என்று திரும்பி வந்தது. இன்கிரிமெண்டு நின்றது. மறு வருடம் ஜூலையில் கொட்டித் தீர்த்தது. அதற்கும் காரணம் கேட்டார்கள். அதற்கடுத்த வருடத்திலிருந்து சிங்கராயர் மழைமானிப் பக்கமே போகவில்லை. நார்மலைப் பார்த்து, கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ எழுதி அனுப்பினார். அன்றிலிருந்து அவருக்கு மெமோவும் இல்லை, மலைக்கு வறட்சியும் இல்லை, வெள்ளமும் இல்லை.

வெப்பமும் அப்படித்தான். அந்த மே மாதம் ஊர் நடுவே ஒண்டிக்கடைச் சந்திப்பில் ஓட்டல்காரர்கள் மின்விசிறிக்கு அலைந்தார்கள். ரேடியோவோ 'ஏற்காட்டில் வெப்பம் நார்மல்' என்றது. ஸ்வெட்டர் கடைக்காரர் அரசாங்கத்துக்கு மரியாதையாகக் குரங்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு வியர்வை சொட்ட உட்கார்ந்திருந்தார். ரேடியோவை நம்பி அவரிடம் ஸ்வெட்டர் வாங்கிப் போட்ட இரண்டு பேர் ஏரிக்கரையில் மயங்கி விழுந்தார்கள்.

அதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம். தலைச்சோலைக்காரர்களுடையது அப்படியல்ல. வறட்சிப் பகுதி என்று அறிவித்தால் ரோட்டு வேலை கிடைக்கும், செத்த செடிக்குப் பதில் நாற்று கிடைக்கும். இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு குடகுக்குக் கூலி வேலைக்குப் போக வேண்டியதுதான்.

"சொல்லுங்க ரைட்டரய்யா. எங்க பெஞ்சுது?"

"மழைமானியில பெஞ்சுது, மாதேஸ்வரா."

"அதுல மட்டுங்களா?"

"அது இருக்கற எடத்துலதான அளக்க முடியும்?"

மாதேஸ்வரன் மேடையையும் மழைமானியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் சொன்னான்: "அப்படீன்னா நொம்ப நல்லதாப் போச்சுங்க. அதப் புடுங்கி எங்க தோட்டத்துல நட்டுக்கறமுங்க. உங்களுக்குத்தான் பைப்புத் தண்ணி இருக்குதே."

கூட்டம் சிரித்தது. சிங்கராயர் மறுத்திருக்கலாம். ஆனால் முன்பு அவர் மனைவி சாந்தாமேரிக்குப் பிரசவ வலி கண்டு, மண் சரிந்து ரோடு அடைபட்டுக் கிடந்த நாளில், அவளைக் கட்டிலோடு தோளில் தூக்கிக்கொண்டு மலையிறங்கியவன் மாதேஸ்வரன். அவள் இப்போது பண்ணைக் குடியிருப்பு ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எடுத்துட்டுப் போகட்டும் உடுங்க," என்றாள் சாந்தாமேரி. "இங்க நின்னு என்னத்தக் கண்டுது? அங்க போனா நாலு சனமாச்சும் அது மூஞ்சியப் பாக்கும்."

மழைமானி மேளத்தோடு தலைச்சோலை போய்ச் சேர்ந்தது.

யோசித்துப் பார்த்தபோது சிங்கராயருக்கு அது நல்ல வழியாகவே பட்டது. மழைமானி காய்ந்த தோட்டத்தில் நின்றால் சொட்டுக்கூட விழாது. சொட்டு விழாவிட்டால் மனசாட்சி உறுத்தாமல் பூச்சியம் எழுதலாம். வருட மழை நார்மலில் முக்கால் பங்குக்குக் கீழே இறங்கினால் வறட்சி தானாக வந்து சேரும். அவருடைய பழைய பொய்யும் யாருக்கும் தெரியாமல் கரைந்து போகும்.

செப்டம்பருக்குப் பூச்சியம் எழுதினார். அக்டோபருக்கும் பூச்சியம். பல வருடத்தில் அவர் எழுதிய முதல் உண்மை.

உடனே மெமோ வந்தது. 'மழைமானி இருக்கும் இடத்தில் மழை பெய்யவில்லை' என்று பதில் எழுதினார். அந்த வாக்கியம் மேலதிகாரிக்கு எங்கேயோ இடித்திருக்க வேண்டும். நவம்பரில் சொல்லாமல் கொள்ளாமல் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"வெப்பம் எப்படி?" என்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நார்மலுங்க ஐயா."

"மழைமானி எங்கய்யா?"

"ரிப்பேருக்குப் போயிருக்குதுங்க."

"ஒரு புனல், ஒரு பாட்டில். அதுல ரிப்பேர் ஆக என்ன இருக்கு?"

"அதானுங்க ஐயா எனக்கும் பிடிபடல."

"எங்க குடுத்திருக்கீங்க?"

சேலம் என்று சொல்லியிருக்கலாம். பயத்தில் நாக்கு நிஜத்தைச் சொல்லிவிட்டது. "தலைச்சோலையிலங்க."

"வண்டியில ஏறுங்க."

தலைச்சோலையில் மழைமானி மாவிலைப் பந்தலுக்குக் கீழே இருந்தது. உடம்பெல்லாம் மஞ்சள், நெற்றி என்று தோன்றிய இடத்தில் குங்குமம், கழுத்தில் சாமந்தி மாலை. மாதேஸ்வரனின் மனைவி ஆராயி செம்பும் கையுமாக நின்றாள்.

"என்னம்மா இது?" என்றார் மேலதிகாரி.

"நார்மலம்மனுங்க."

"என்னது?"

"சேலத்துல நீங்கல்லாம் இதத்தானுங்களே கும்புடறீங்க? எங்க பேச்சக் கேக்கமாட்டீங்க, இது சொன்னாக் கேப்பீங்க. அதான் நாங்களும் கும்புட்டுப் பாக்கறமுங்க. ஆனா உங்களுக்குப் பெய்யறாப்பல எங்களுக்குப் பெய்யமாட்டேங்குது சாமி."

மேலதிகாரி திட்டுவதற்கு வாயைத் திறந்தார். இடி முந்திக்கொண்டது. மாதேஸ்வரன் அவசரமாகப் பந்தலைப் பிரித்தான். நார்மலம்மன் வெட்டவெளியில் நின்றாள்.

மேலதிகாரி ஒருவர் நேரில் வந்தால்தான் பெய்வது என்று ஒரு வருடமாக முரண்டு பிடித்ததுபோல வந்தது அந்த மழை. பெய்தது என்று சொன்னால் அதற்கு அவமரியாதை. ஆள் வாயைத் திறந்து பேசினால் வாய் நிறைந்தது. மாடுகள் நின்ற இடத்திலிருந்தே தண்ணீர் குடித்தன. ரோடு இரண்டு இடத்தில் அறுந்தது. மாதேஸ்வரனின் தோட்டத்து மண், மிச்சமிருந்த செடிகளோடு ஒரே தாளாகப் பெயர்ந்து போய் எதிர்ச்சரிவில் உட்கார்ந்தது. செடிகள் வரிசைகூடக் கலையவில்லை, வேர்தான் மேலே இருந்தது.

மூன்று நாள் மேலதிகாரி மாதேஸ்வரன் வீட்டில் தங்கினார். வீட்டிலிருந்த கடைசிக் கேழ்வரகு களியாகி அவர் வயிற்றுக்குள் போனது. ஆனால் மனிதர் கடமை தவறவில்லை. தினமும் காலையில், சிங்கராயர் குடை பிடிக்க, தானே சேற்றில் இறங்கிப் பாட்டிலை எடுத்து அளந்தார்.

முதல் நாள் மட்டும் கேட்டார். "ஏன்யா, தண்ணி மஞ்சளா இருக்கு?"

"மலை மழை அப்படித்தானுங்க ஐயா," என்றார் சிங்கராயர். ஆராயி புனலுக்குள் விட்ட ஒரு கை தீர்த்தம் அது என்று சொன்னால், மழைமானி இங்கே வந்து சாமியான கதையை ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும்.

மழை விட்டது, அறுந்த ரோட்டை ஊரார் கல்லும் மண்ணும் போட்டு நிரவினார்கள். மேலதிகாரி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். சிங்கராயர் ஆகஸ்டு வரை எழுதியது, இரண்டு பூச்சியம், இப்போது தானே அளந்தது. ஊர் சுற்றி நின்று பார்த்தது.

"நார்மல் ஆயிரத்து ஐந்நூத்திப் பதினஞ்சு. அதுல முக்கால் பங்கு ஆயிரத்து நூத்தி முப்பத்தாறு. டிசம்பர்ல ஒரு சொட்டு விழாட்டியும் உங்க மொத்தம் ஆயிரத்து நூத்தி நாப்பது." பேனாவை மூடினார். "நாலு மில்லிமீட்டர் அதிகம். வறட்சி கிடையாது."

"அப்ப வெள்ள நிவாரணமாச்சும் குடுங்க சாமி," என்றான் மாதேஸ்வரன். "தோட்டம் அந்தால போய் உக்காந்திருக்குது."

"நார்மலைவிடக் குறைவாப் பெஞ்ச எடத்துல வெள்ளம் எப்படிப்பா வரும்?"

மாதேஸ்வரன் கேட்டான்: "நாலு மில்லிமீட்டருன்னா எவ்வளவுங்க?"

மேலதிகாரி கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நெருக்கிக் காட்டினார். ஆராயி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"களி நொம்ப நல்லாருந்ததும்மா," என்று சொல்லிவிட்டு மேலதிகாரி ஜீப்பில் ஏறினார். அவர் வாயிலும் மூன்று நாளில் மலைப்பேச்சு ஒட்டிக்கொண்டிருந்தது.

திரும்பும் வழியில் சிங்கராயருக்குத் தாங்கவில்லை. "ஐயா, அந்த நாலு மில்லிமீட்டரு மழையில்லீங்க. அந்தம்மா ஊத்துன தீர்த்தமுங்க."

"உம்."

"ஆகஸ்டு வரைக்கும் எழுதுனதும் பொய்யிங்க. நான் அளக்கவே இல்லீங்க. என்னைச் சஸ்பெண்டு பண்ணுங்க. அந்தச் சனத்துக்கு நிவாரணத்தக் குடுங்க."

மேலதிகாரி வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். டிரைவரைப் பீடி குடித்துவிட்டு வர அனுப்பினார்.

"சிங்கராயர், நீங்க எழுதுனதுக்குக் கீழ 'சரிபார்த்தேன்'னு கையெழுத்துப் போட்டது யாரு?"

"ஐயாதானுங்க."

"அப்ப அது பொய்யா?"

சிங்கராயர் சாலையைப் பார்த்தார். "இல்லீங்க."

"தீர்த்தம் மேலயிருந்துதான விழுந்தது?"

"ஆமாங்க."

"மேலயிருந்து விழுந்தா மழை. டிரைவரைக் கூப்பிடுங்க."

சிங்கராயர் கூப்பிட்டார்.

அன்று அவர் வீட்டில் சாந்தாமேரி சோறு போட்டாள். இரண்டாம் முறை சோறு வைக்கும்போது சொன்னாள்: "என்னைத் தூக்கிட்டுப் போறப்ப, இது நார்மலான வலியான்னு கேட்டுட்டா தூக்குனான் அந்த மனுசன்?"

டிசம்பரில் சொட்டு விழவில்லை. சிங்கராயர் பூச்சியம் என்று எழுதப் போய், மெமோவை நினைத்து, நார்மல் என்று எழுதினார். வறட்சி இன்னும் கொஞ்சம் தூரம் தள்ளிப் போனது.

பொங்கல் முடிந்த கையோடு மாதேஸ்வரன் ஒண்டிக்கடையில் பஸ்ஸுக்கு நின்றான். ஆராயி, சட்டிபானை, பாய், இரண்டு மூட்டை. சேலம் போய் அங்கிருந்து குடகு. சாந்தாமேரி இட்டிலிப் பொட்டலத்தை ஆராயி மடியில் திணித்தாள். சிங்கராயர் சற்றுத் தள்ளி நின்றார்.

"கிட்ட வாங்க ரைட்டரய்யா. நாங்க என்ன கடிக்கவா போறம்?"

"மன்னிச்சுக்க மாதேஸ்வரா."

"உங்களை என்னங்க சொல்றது? நீங்களும் நார்மலான ஆளுதான்," என்றான் மாதேஸ்வரன். சிரித்தானா என்று தெரியவில்லை. கண்டக்டர் பழனிசாமி மூட்டைகளை வாங்கி மேலே போட்டுவிட்டு, படியில் தொற்றிக்கொண்டு விசிலை வாயில் வைத்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க," என்றான் மாதேஸ்வரன் ஜன்னல் வழியாக. "எங்களை மலையை உட்டே தொரத்துன அந்த நம்பரு எவ்வளவுங்க? அன்னைக்கு அந்த ஐயா சொன்னாரு, மறந்து போச்சு. போற எடத்துல யாராச்சும் கேட்டாச் சொல்லோணுமல்ல?"

"ஆயிரத்து ஐந்நூத்திப் பதினஞ்சு," என்றார் சிங்கராயர். "நம்ம மலைக்கு வருசத்துக்குப் பெய்ய வேண்டிய மழை."

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"பெய்ய வேண்டிய மழைங்களா? ஏனுங்க ரைட்டரே, அது இந்த மலையோட உசரமுங்க, மீட்டர்ல. உங்களுக்குப் பின்னால இருக்கற மஞ்சப் பலகையில எழுதியிருக்குது பாருங்க."