ஈயச்சொம்பைக் காத்த சமன்பாடு

மலாயாவின் சுதந்திரத்துக்கு எத்தனையோ பேர் பாடுபட்டார்கள். அந்தச் சுதந்திர நாட்டில் ஈயம் பொடியாகிவிடக்கூடாதே என்று பாடுபட்டது மலாக்காவின் கஜா பேராங் விஞ்ஞான மன்றம் ஒன்றுதான். மூன்றே ஆண்களைக் கொண்ட அந்த மாபெரும் மன்றத்தின் 'ஆராய்ச்சி இயக்குநர்' தேவதாஸ், கமலவேணியின் கணவர். இந்தப் பாக்கியத்தைத் தாங்கும் தெம்பை ஆண்டவன்தான் அவளுக்குக் கொடுத்திருந்தான்.

மெர்டேக்கா என்ற சுதந்திர நாளுக்கு ஒரு வாரம் இருந்தது. அன்றைக்குச் சாப்பிட வரும் கூடப்பிறந்த அண்ணனுக்கு, அம்மா சீராகக் கொடுத்த ஈயச்சொம்பில் ரசம் வைத்துப் போட வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. அம்மா போன பிறகு அவள் கையில் மிஞ்சியது அந்தச் சொம்புதான். அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தேவதாஸ் கவலையோடு வந்து நின்றார்.

"ஈயம் ஐம்பத்தாறு டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழ குளிர்ந்தா, உள்ள இருக்கிற அணுவெல்லாம் இடம் மாறி நின்னுக்கும். பளபளன்னு இருக்கிறது சாம்பல் பொடியாயிடும். எந்த வேகத்துல ஆகும்னு சமன்பாடே எழுதிட்டேன்."

"மலாக்கா என்னிக்குங்க அவ்வளவு குளிர்ந்திருக்கு?"

"இதுவரைக்கும் குளிர்ந்ததில்ல. இதுவரைக்கும் சுதந்திரமும்தான் வந்ததில்ல."

இதற்கு மேல் யார் என்ன வாதாட முடியும்? மன்றம் 'அவசரமாக'க் கூடியது. தலைவர் ஜெயபாலன் முன்மொழிந்தார், பொருளாளர் சங்கரன் வழிமொழிந்தார். சொம்பை மன்றத்துக்குக் கொண்டுபோய், கரியடுப்பின் மேல் 'உகந்த வெப்பநிலை'யில் வைத்துக் காப்பது என்று முடிவாயிற்று.

"அண்ணே, வெறுஞ்சொம்ப அடுப்புல ஏத்தாதீங்க. உள்ள ரசம் இருந்தாத்தான் ஈயம் சூடு தாங்கும்," என்று கமலவேணி வாசல்வரை வந்து கெஞ்சினாள்.

"தங்கச்சி சொன்னதக் குறிச்சுக்கிட்டோம்," என்றார் ஜெயபாலன். குறித்துக்கொள்வதில் அவரை அடித்துக்கொள்ள மலாக்காவிலேயே ஆள் கிடையாது.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. காற்று சில்லென்று வீசவே, கடமையுணர்ச்சி மிக்க சங்கரன் இன்னும் இரண்டு கை கரி அள்ளிப்போட்டு விசிறினார்.

காலையில் கமலவேணி போய்ப் பார்த்தபோது அடுப்பின் மேல் ஒன்றுமில்லை. சாம்பலுக்குள் தோசைபோலத் தட்டையாக ஈயம் கிடந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

தேவதாஸ் குனிந்து ஆராய்ந்தார். "பாரு கமலம், ஒரு துளி பொடி இருக்கா? சமன்பாடு ஜெயிச்சிடுச்சு."

"உருகிப்போச்சேங்க."

"திடம் இன்னொரு திடமா மாறுறதுதான் என் ஆராய்ச்சி. உருகுறது அதுல வராது."

"அப்ப அடுப்பு மூட்டினது?"

"அது ஆராய்ச்சி இல்ல தங்கச்சி," என்று ஜெயபாலன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அது சொம்புப் பாதுகாப்புக் குழு."

"அந்தக் குழுவுக்கு யாருண்ணே பொறுப்பு?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீதாம்மா தலைவி. இப்பத்தான் ஏகமனதாத் தேர்ந்தெடுத்தோம்," என்றார் ஜெயபாலன்.

பிறக்கப்போகும் நாட்டில் கஜா பேராங் பெண்ணொருத்திக்குக் கிடைத்த முதல் பதவி அது. பழி சுமக்க ஆள் தேவைப்படும்வரை அவள் பெயர் அங்கே யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.