கம்பளக் கரடி

கரடி வாசல் நிலையில் மாட்டிக்கொண்டது. தலை வெளியே, பின்பக்கம் வீட்டுக்குள்ளே.

"மூச்சை இழுத்துப் பிடி கண்ணு!" என்று லைல் பின்னாலிருந்து தள்ளினான்.

"நான் மூச்சை இழுத்தா கம்பளம் சுருங்குமாப்பா?" என்று கரடிக்குள்ளிருந்து கேட்டாள் அவன் மகள் பிரிட்டா. எட்டு வயதுப் பிள்ளையின் கேள்வி நியாயமானதுதான். ஆனால் நியாயம் பார்க்கிற நிலையில் லைல் இல்லை.

பிள்ளைகள் வேஷம் கட்டி வீடு வீடாய் மிட்டாய் கேட்கும் ஹாலோவீன் நாளில் போன வருடம் நடந்தது அவன் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது. அன்று பிரிட்டா ஒரு கதைப் புத்தகத்து மின்மினி ராணி. இறக்கை, கிரீடம், எல்லாம் உண்டு. ஆனால் மினசோட்டாவில் அக்டோபர் முடிவதற்குள் பனி வந்து உட்கார்ந்துவிடும். அவள் அம்மா மார்லிஸ் எல்லாவற்றுக்கும் மேலே கனத்த கோட்டு ஒன்றை மாட்டித்தான் வெளியே விட்டாள். மிட்டாய் கேட்டுப் போன வீடெல்லாம் ஒரே கேள்வி: "யாரும்மா நீ?" எந்தப் புத்தக வேஷத்தையும் ஒரு பார்வையில் சொல்லிவிடுகிற நூலகத்து வெர்னா அம்மாள்கூட உதட்டைப் பிதுக்கினாள். பிள்ளை அழுதுகொண்டே வீடு திரும்பியது.

'அடுத்த வருஷம் ஒரு வாய் "யாரு நீ"ன்னு கேட்கக் கூடாது' என்று அன்றே லைல் சபதம் போட்டான். அவன் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்.

அதனால் இந்த வருடம், "நான் ட்ரில்லாவா போறேம்ப்பா" என்று பிரிட்டா நூலகப் புத்தகத்தை நீட்டியதும் அவன் அட்டையைப் பார்த்தான். பனிக்காட்டின் நடுவே அட்டை நிறைய ஒரு பழுப்புக் கரடி. உள்ளே பிரித்துப் பார்க்கிற பொறுமை யாருக்கு இருக்கிறது?

"அப்பா, ட்ரில்லான்னா யாருன்னா…"

"நீ ஒண்ணும் சொல்லாத. அப்பா பாத்துக்கறேன்."

"ரொம்ப சுலபம்ப்பா. என்னோட…"

"சுலபமே நமக்கு வேண்டாம். போன வருஷம் சுலபமா செஞ்சுதானே மூக்கறுபட்டோம்!"

கோட்டு உள்ளே, வேஷம் மேலே. இதுதான் லைலின் திட்டம். வீடுகளுக்குத் தரைக்கம்பளம் பதிப்பது அவன் தொழில். கார் நிறுத்தும் கொட்டகை முழுக்கப் பழுப்புத் துண்டுகள். வெட்டினான், ஒட்டினான், கம்பி வைத்துக் கட்டினான்.

மருத்துவமனை வேலைக்குக் கிளம்பிய மார்லிஸ் எட்டிப் பார்த்தாள். "இது கரடியா, எங்க ஆஸ்பத்திரி வராண்டாக் கம்பளமா?"

"மாட்டினப்புறம் பாரு."

அவள் பெருமூச்சு விட்டு, மகளின் ஊதாக் கோட்டில் அறுந்திருந்த பொத்தானைத் தைக்க ஊசி எடுத்தாள். பிரிட்டா பாய்ந்து தடுத்தாள். "வேண்டாம்மா! அது அப்படியே இருக்கட்டும்!"

"உள்ளே போடற கோட்டுதானே, யாரு பாக்கப் போறாங்க? விடு" என்றான் லைல்.

இப்போது இடுப்புப் பக்கம் கொஞ்சம் வெட்டியதும் கரடி வாசலை விட்டுக் கழன்று வந்தது. வெட்டின வழியே ஒரு பக்கம் சரிந்தும் போனது. லைல் அதைக் கவனிக்கவில்லை.

முதல் வீட்டில் டுவேன் கதவைத் திறந்தார். "அடடே, சோபா!"

லைல் பல்லைக் கடித்துக்கொண்டு, பையிலிருந்து ஒரு கறுப்பு ரப்பர் மூடியை எடுத்து மூக்கு ஒட்டினான்.

அடுத்த வீட்டுக்காரி சொன்னாள்: "ஐயோ, சோபாவில நாய் படுத்திருக்கு! எவ்வளவு அழகா இருக்கு!"

"காது தெரியலை, அதான்" என்று சொல்லிக்கொண்டு, காதுக் கம்பிகளை அவன் மேலே இழுத்து நிமிர்த்தினான்.

மூன்றாவது வீட்டுக் கிழவர் வெகுநேரம் யோசித்தார். "சோபா மேல மான் மோதிடுச்சா?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை கேள்விப்பட்டிருக்கிறோம். கரடி பிடிக்கப் போய் சோபாவானது லைலுக்குத்தான்.

அதற்குள் ஈரப்பனி விழ ஆரம்பித்தது. கம்பளம் தண்ணீரைக் குடிக்கத் தெரிந்த சாமான். அடிக்கு அடி கரடி கனத்தது.

"அப்பா, உள்ள ஒழுகுது."

"ஒரே ஒரு வீடு கண்ணு. வெர்னா அம்மா வீடு. அங்க மட்டும் போயிடலாம்."

வெர்னா அம்மாளின் நடைபாதையில் கரடி மல்லாக்க விழுந்தது. கவிழ்ந்த ஆமை மாதிரி கையும் காலும் மட்டும் ஆடின. லைல் இழுத்த இழுப்பில் பசை விட்டு, மகள் தனியாகவும் கம்பளம் தனியாகவும் வந்தார்கள். பிரிட்டா தன் ஊதாக் கோட்டோடு எழுந்து நின்றாள். பொத்தான் இருந்த இடத்தில் நூல் தொங்கியது.

லைல் அவளைப் பார்த்தான். மறுபடியும் அதே கோட்டு.

"மன்னிச்சிரு கண்ணு. அப்பாவால முடியலை."

"பரவால்லப்பா. வா, வா!" அவள் ஏனோ துள்ளிக்கொண்டு படியேறினாள்.

ஒரு கையில் மிட்டாய் வாளி, மறு கையில் மகளின் கை. ஈரக் கம்பளத்தைத் தெருவில் போட அவனுக்கு மனம் வரவில்லை. கரடியின் உடம்பை முதுகில் போட்டுக்கொண்டு, அதன் தலையைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டான்.

கதவு திறந்தது. அந்தக் கேள்வி வருவதற்குள் லைல் முந்திக்கொண்டான். "அது வந்தும்மா, வேஷம் நனைஞ்சு போச்சு…"

வெர்னா அம்மாள் அவனைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு கையையும் தட்டினாள்.

"வாடி என் ட்ரில்லா! புத்தகத்துல இருக்கற அதே ஊதாக் கோட்டு, அதே அறுந்த பொத்தான்! கோட்டு போட்ட பொண்ணாவே வேஷம் கட்டணும்னு இந்த ஊர்ல உனக்கு மட்டுந்தான் தோணியிருக்கு. அது சரி, அவ எங்க போனாலும் பின்னாலேயே வருமே ஒரு அசட்டுக் கரடி, அதுக்கும் ஆளைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டியே!"