மாமனார் துப்பாக்கியில் விழுந்த இரண்டாவது பள்ளம்

லூயிஸ்டவுன், மொன்டானா
செப்டம்பர் 9

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் ஆர்விட் அவர்களுக்கு,

வெர்லின் எழுதுவது. நானும் உங்கள் அக்கா மார்லிஸும் நலம். எனக்குக் கைவிரல் பத்தும் இருக்கின்றன. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மீதியை உட்கார்ந்து படிக்கவும்.

பதினான்கு வருஷம் விண்ணப்பம் போட்டு, குலுக்கலில் ஒருவழியாக உங்களுக்கு எல்க் மான் வேட்டைக்கான அனுமதிச் சீட்டு விழுந்ததும், உங்கள் அப்பாவின் துப்பாக்கிக்கு இருபது தோட்டா நானே நிரப்பித் தருகிறேன் என்று விருந்தில் மார்தட்டினேன் அல்லவா? அவர் கைப்பட எழுதிய அட்டையைப் பார்த்துத்தான் செய்தேன். பித்தளைக் கூடு அவர் சொன்னது, வெடிமருந்து அவர் சொன்னது, அளவும் அவர் சொன்ன உச்ச அளவு. பிரைமர் மட்டும் இல்லை. தோட்டாவின் பின்புறத்தில் பதிக்கிற, ஊசி குத்தினால் பொறி கக்குகிற அந்தப் பொட்டளவுக் கிண்ணம், இந்த ஊரில் வைரத்தைவிட அரிதாகிவிட்டது. கடையில் "ஆளுக்கு ஒரு டப்பா" என்று பலகை தொங்குகிறது. அதற்குக் கீழே தூசிதான் இருக்கிறது.

அப்போதுதான் எதிர்வீட்டு ஹார்லன் வந்தான். அவனிடம் ஒரு டப்பா இருந்தது, ஆனால் அது மாக்னம் ரகம், பொறி அதிகம். இதற்கு மருந்தைக் குறைத்து, சுட்டுச் சுட்டுப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு வரவேண்டும் என்று கையேட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே என்றேன். அவன் சிரித்தான்.

"தீக்குச்சி எந்தக் கம்பெனியா இருந்தா என்னப்பா, அடுப்பு பத்திக்குதுல்ல? அந்தப் புஸ்தகம் எழுதினவனுங்க எல்லாம் வக்கீலுக்குப் பயந்தவனுங்க."

மச்சான், முட்டைகூடப் பொரிக்கத் தெரியாதவன் ஹார்லன். அவன் பேச்சை நம்பினேன். ஒரு துளி மருந்துகூடக் குறைக்காமல் இருபதையும் அடைத்தேன்.

சனிக்கிழமை சுட்டுப் பார்க்க ஊருக்கு வெளியே சரளைக்குழிக்குப் போனோம். மார்லிஸ் பிக்கப் வண்டியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். முதல் தோட்டாவைச் சுட்டேன். அது வெடித்த சத்தம் இல்லை மச்சான், வானம் கதவைச் சாத்தின சத்தம். கன்னத்தில் யாரோ அறைந்த மாதிரி இருந்தது. கூட்டை வெளியே எடுக்க, குழலின் பின்வாயை அடைக்கிற பூட்டைத் திறக்கப் போனால் அதன் கைப்பிடி அசையவில்லை. நான் அசைத்தேன், அசையவில்லை. கெஞ்சினேன், அசையவில்லை. புத்தியுள்ளவன் அப்படியே கொண்டுபோய்க் கடையில் கொடுத்திருப்பான். நான் சுத்தியல் எடுத்தேன். நாலாவது அடியில் திறந்தது. வெளியே வந்த கூட்டில் பிரைமர் ரயில் ஏறின காசு மாதிரி தட்டையாய், சுற்றிலும் கரி. இன்றைக்கும் கதவு சாத்தினால் குனிகிறேன்.

மார்லிஸ் இறங்கி வந்து முதலில் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு கைப்பிடியில் விழுந்த பள்ளத்தைப் பார்த்தாள்.

"அப்பா துப்பாக்கி," என்றாள். "ஆர்விட்டுக்கு நீயே சொல்லு. நான் சொல்லமாட்டேன்."

துப்பாக்கி பழுதுபார்க்கிற அம்மாள் குழலையும் பூட்டையும் அளந்து பார்த்து, விரிசல் எதுவும் இல்லை, உங்கள் வேட்டைக்கு உதவும் என்று எழுதிக் கொடுத்தார். மிச்சப் பத்தொன்பதையும் என் எதிரிலேயே பிரித்துப் போடச் சொன்னார். "உயிரோட நிக்கிறீங்க, அதைக் கொண்டாடுங்க" என்று சொன்னார், கொண்டாடுகிற முகமாக இல்லை.

பள்ளம் மட்டும் போகவில்லை. உங்கள் அப்பாவைக் கரடி துரத்தியபோது, அவர் துப்பாக்கியால் தடுத்ததில் கைப்பிடியில் விழுந்ததென்று நீங்கள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டுகிற அந்தப் பழைய பள்ளத்துக்குப் பக்கத்திலேயே இதுவும் விழுந்திருக்கிறது. அந்த வீரத் தழும்பின் அருகில் என் மடத்தனம். இதற்கு மன்னிப்பு கிடையாது. தோட்டா நிரப்பும் யந்திரம், தராசு, கையேடு எல்லாம் வெள்ளிக்கிழமை நீங்கள் வரும்போது எடுத்துக்கொண்டு போய்விடவும். இனி இந்தக் கை அவற்றைத் தொடாது.

உங்கள் குடும்பத்துக்கும், குறிப்பாக உங்கள் கோபத்துக்கும், என் வணக்கம்.

தலைகுனிந்த,
வெர்லின்

பி.கு: யந்திரத்தை எடுக்க வரவேண்டாம். துப்பாக்கிப் பெட்டியின் துணி உறைக்குள்ளிருந்து அந்த அம்மாள் உங்கள் அப்பாவின் குறிப்பேட்டை எடுத்துக் கொடுத்தார். 1974 அக்டோபர் பக்கத்தில் அவர் கையெழுத்தில் இருப்பது: "பிரைமர் கிடைக்கல. சூடான ரகம் போட்டேன். மருந்தைக் குறைக்கல, மடையன் நான். பூட்டு இறுகிடுச்சு. சுத்தியலால அடிச்சதுல கைப்பிடியில பள்ளம். பிள்ளைங்க கேட்டாங்க. கரடின்னு சொல்லிட்டேன்."

இனி நீ இரண்டு கரடி என்று சொல்லிக்கொள்ளலாம், மச்சான்.