தூசி தட்டியதும் குணமான பெட்டி

என் மனைவி தூசி தட்டினாள், பெட்டி குணமாகிவிட்டது. எட்டு வருஷமாக எங்கள் வீட்டின் அதிகாரபூர்வ வரலாறு இதுதான். எட்டு வருஷமாக எனக்கு இதில் சந்தேகம். வாய்விட்டுக் கேட்கத்தான் வழியில்லை. கேட்டால் முதலில் மாட்டுவது நான்.

பெட்டி என்றால், கணினியில் யூஎஸ்பி வயரால் செருகும் ஆடியோ இன்டர்ஃபேஸ். மைக்கில் பேசுவதைக் கணினிக்குள் கொண்டுபோகும். அதில் கதை வாசித்துப் பதிவு செய்வேன். கேட்பவர்கள் நாலு பேர், என்னையும் சேர்த்து. ஆனாலும் புதுப்பெட்டி மேல் ஆசை வந்துவிட்டது. "பழசுல ஒலி சிதையுது" என்று சாப்பாட்டு நேரமெல்லாம் புலம்பினேன். பெட்டியிலிருந்து வெளியே வரும் ஒலியை ஒரு வயரால் அதற்குள்ளேயே திருப்பிவிட்டு, மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினால் சிதைவு எத்தனை சதவீதம் என்று தெரிந்துவிடும் என்பதையும் விலாவாரியாக விளக்கினேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள் அவள். உம் கொட்டிக்கொண்டே சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை அவளே பந்தயம் கட்டினாள்.

"ஒரு சதவீதத்துக்கு மேல சிதைஞ்சா புதுசு வாங்கிக்கோங்க. இல்லேன்னா அந்த மேஜை என் தையல் மிஷினுக்கு."

ஞாயிறு காலை அளந்தேன். 0.002. பாழாய்ப்போன பெட்டி, கல்லுக்குண்டு மாதிரி இருந்தது! உள்ளே போகும் ஒலியைக் கூட்டும் குமிழைக் கடைசிவரை திருகினேன். அப்படித் திருகினால் எந்தப் பெட்டியும் கதறும். சிவப்பு விளக்கு எரிந்தது. ஏழு சதவீதம்! முகத்தைத் துக்கவீட்டுக்குத் தோதாக மாற்றிக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன்.

"ஐயையோ, ஏழா? அந்த விளக்கு ஏன் செவப்பா எரியுது?"

"நோய் முத்திப்போச்சும்மா."

"எங்க லேப்ல ஒரு தடவை பார்த்துட்டு யாருக்கும் சக்கரைன்னு எழுத மாட்டோம். இன்னொரு தடவை எடுக்கலாம். அதுக்குள்ள ஒரு டீ போட்டுட்டு வாங்க."

போட்டேன். வந்தேன். பொத்தானை அழுத்தினேன். 0.002!

கையிலிருந்த டீ பாதி தரையில்.

"எ... எப்படி?"

"தூசியா இருந்துச்சு. தொடச்சேன். ஏங்க, சந்தோஷப்படாம முழிக்கிறீங்க?"

மேஜை போயிற்று. குமிழைத் தொட்டாயா என்று கேட்க, நான் தொட்டதைச் சொல்லியாக வேண்டுமே! தூசியால் ஒலி சிதையுமா என்று பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனிடம்கூடக் கேட்டுப் பார்த்தேன். "தூங்குங்க சார்" என்றார்.

போன வாரம் அந்தப் பழைய கணினியைக் கழித்துக்கட்ட உட்கார்ந்தேன். எடுத்த அளவையெல்லாம் அந்த மென்பொருள் தேதி, நேரத்தோடு தானாகவே சேமித்து வைத்திருந்தது. ஞாயிறு: என்னுடைய மூன்று. நான் டீ போட்ட நேரத்தில் மேலும் மூன்று. மேலே பார்த்தேன். அதற்கு முந்தின வியாழன், மாலை நாலு மணி, 0.002. வியாழன் நாலு மணிக்கு நான் ஆபீசில்! பந்தயம் கட்டியதோ வெள்ளிக்கிழமை!

என் மேஜையில் அவள் தைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

எட்டு வருஷம் காத்த ரகசியம் கேள்வியாகவே வாயிலிருந்து விழுந்தது:

"ஏம்மா, நான் குமிழைத் திருகுவேன்னு பந்தயம் கட்டும்போதே உனக்குத் தெரியுமா?"