மாஸ்டருக்குக் கன்னம் வீங்கிய கதை

பயத்தை வெளியே காட்டாமல் வாழ்கிறவனுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. ஊரே அவனைத் தைரியசாலி என்று நம்பிவிடும். நம்பி, எதைக் கண்டால் அவன் ஓடி ஒளிவானோ அதையே அவன் கையில் ஒப்படைத்துவிட்டுப் போய்விடும்.

எனக்கு எலி என்றால் பயம். அயோத்தியாப்பட்டணத்தில் எங்கள் வீட்டு நெல்மூட்டைகளுக்கு நடுவே சின்ன வயதில் தூங்கிப்போனபோது ஓர் எலி என் கால் கட்டைவிரலை ருசி பார்த்தது. அன்றிலிருந்து எலி ஓடும் சத்தம் கேட்டாலே நான் கட்டில்மேல் ஏறிக்கொள்வேன். (பெண் பார்க்கப் போன இடத்தில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?)

பெண் நாமக்கல். மாமனார் லாரி வைத்திருந்தார். ஆறடி உயரம், அதற்கேற்ற மீசை. அவர் தொண்டையைச் செருமினால் டிரைவர்கள் பீடியைக் கீழே போட்டுவிடுவார்கள். தாலி கட்டும்போது என் கை நடுங்கியதைப் பார்த்து, பெண்ணைக் கண்டு வெட்கம் என்று எல்லோரும் கேலி செய்தார்கள். உண்மையில் பெண்ணுக்குப் பின்னால் அவர் நின்றுகொண்டிருந்தார்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒரு ஜீவனிடம் மட்டும் குழைந்து பேசுவார். பம்பாய்க்கு லோடு கொண்டுபோன டிரைவர் ஒருவர் அவருக்கென்று வாங்கிவந்த பிராணி அது. உள்ளங்கை அளவு, தேன் நிறம், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஒரு வால். "இதுக்குப் பேரு ஹாம்ஸ்டருங்க" என்று டிரைவர் சொன்னது மாமனார் காதில் "மாஸ்டர்" என்று விழுந்தது. அதுவே பெயராக நிலைத்துவிட்டது. யார் எந்தப் பெயர் வைத்தால் என்ன? என்னைப் பொறுத்தவரை அது எலி.

எண்பதுகளின் தொடக்கம். கல்யாணமான புதிதில் நானும் மனைவியும் அங்கே போயிருந்தபோது மாஸ்டருக்குக் கழுத்தோரம் ஒரு கட்டி வந்திருந்தது. இரை எடுக்காமல் சுருண்டு கிடந்தது. எருமைக்கும் கோழிக்கும் வைத்தியம் பார்த்தே பழகிய கால்நடை டாக்டர், மாமனாரின் மீசையைப் பார்த்துப் பயந்தோ என்னவோ, ஆபரேஷனுக்கு ஒப்புக்கொண்டார். கட்டியை எடுத்துத் தையல் போட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பஞ்சு போட்டுக் கதகதப்பா வெச்சிருங்க. மாத்திரை தவறக்கூடாது. மறுபடி வீக்கம் வந்தா மட்டும் ஒரு நிமிஷம்கூடத் தாமசிக்காம தூக்கிட்டு வந்துருங்க."

அந்த வாரமே திருச்செங்கோட்டில் நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம். முந்தின நாளே போயாக வேண்டும். மாஸ்டரை யார் பார்த்துக்கொள்வது? வீடே யோசனையில் ஆழ்ந்திருந்தபோது, "நீங்க எல்லாரும் போய்ட்டு வாங்க மாமா, நான் பாத்துக்கறேனுங்க" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

மாமனார் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "மாப்பிள்ளை, மாஸ்டருக்கு மட்டும் ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா..." அதற்குமேல் அவர் சொல்லவில்லை. மிச்சத்தை இரவெல்லாம் நானே விதவிதமாக முடித்துப் பார்த்துக்கொண்டேன்.

வைத்தியம் செய்ய நான் ஒரு வழி வைத்திருந்தேன். அடுப்படி இடுக்கியில் மாத்திரைத் துண்டைப் பிடித்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கூண்டுக்குள் நீட்டுவேன். "சடக்" என்று இழுக்கும். பிறகு பார்த்தால் மாத்திரை இருக்காது. என்ன பணிவான நோயாளி! மறுநாள் காலை எனக்கே கொஞ்சம் தெம்பு வந்து, நிலக்கடலைப் பருப்பும் மக்காச்சோளமுமாக ஒரு கைப்பிடி போட்டேன். குளித்துவிட்டு வந்து பார்த்தபோது தட்டு காலி. அட, பசி எடுத்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டு, முதல்முறையாக அதன் முகத்தை நேருக்கு நேர் பார்த்தேன்.

கழுத்துக்கு இரண்டு பக்கமும் வீக்கம்! ஒரு பக்கம் எடுத்த கட்டி இரண்டு பக்கமாக வந்திருந்தது. தலை உடம்பைவிடப் பெரிதாக இருந்தது. அதற்கு நடுவே இரண்டு கறுப்புக் கண்கள் என்னையே பார்த்தன. எலியைத் தொடும் பயம் ஒரு பக்கம், மாமனார் பயம் ஒரு பக்கம். மாமனார்தான் ஜெயித்தார். கண்ணை மூடிக்கொண்டு மாஸ்டரைத் துண்டோடு அள்ளி ஒரு தூக்குப்போசியில் வைத்து, மூடியை லேசாகத் திறந்து பிடித்துக்கொண்டு டவுன் பஸ்ஸுக்கு ஓடினேன். "மாப்பிள்ளை, எங்கீங்க இப்படி?" என்று கேட்ட பக்கத்து வீட்டு அக்காவிடம், "மாஸ்டருக்கு மறுபடி வந்துருச்சுங்க!" என்று மட்டும் கத்திய ஞாபகம்.

பஸ்ஸில் கண்டக்டர் போசியைப் பார்த்தார். "சாப்பாடு யாருக்குங்க?"

"மாஸ்டருக்கு ஆபரேஷனுங்க. ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"அடடா! எந்த மாஸ்டருங்க, கணக்கு மாஸ்டருங்களா?" என்று அவர் பதறி, ஒருவரை எழுப்பி எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஜன்னலோரம் இருந்த பெரியவருக்கு மட்டும் சந்தேகம். மூடியைத் தூக்கிப் பார்த்தவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, வெள்ளெலி! எந்தக் காட்டுல புடிச்சீங்க? கறி கொஞ்சந்தான் தேறும். ஆனா நெஞ்சுச் சளிக்கு ரொம்ப நல்லதுங்க."

நான் போசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். இறங்கும்வரை விடவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் எருமைகளும் ஆடுகளும் காத்திருந்தன. எல்லாவற்றையும் தாண்டி உள்ளே ஓடிப் போசியை மேசைமேல் வைத்தேன். எட்டிப் பார்த்த டாக்டரின் முகம் வெளுத்தது.

"ரெண்டு பக்கமும் வந்துருச்சுங்களே! உங்க மாமனாருக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க. திருச்செங்கோட்டுல இருக்காருங்க."

"எப்ப வாராரு?"

"சாயங்காலமுங்க."

இருவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தோம். பிறகு டாக்டர் மயக்க மருந்துப் பஞ்சை ஒரு கையிலும் கத்தியை ஒரு கையிலும் எடுத்தார். மாஸ்டர் பின்னங்காலில் எழுந்து நின்றது. கத்தியைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. அடுத்து, முன்னங்கால்களால் கன்னங்களைப் பின்னாலிருந்து முன்னால் தள்ள ஆரம்பித்தது.

வாயிலிருந்து ஒரு நிலக்கடலை வந்து விழுந்தது. பிறகு இன்னொன்று. மக்காச்சோளம். மறுபடி கடலை. கைப்பிடி அளவு தானியமும் மேசைமேல் குவிந்தபிறகு, கடைசியாக அன்று காலை நான் கொடுத்த மாத்திரைத் துண்டு முழுசாக வந்து விழுந்தது. வீக்கம் போன இடம் தெரியவில்லை. தையல் மட்டும் சுத்தமாக ஆறிக்கொண்டிருந்தது.

டாக்டர் கத்தியைக் கீழே வைத்தார். "மாப்பிள்ளை, இது கட்டி இல்லீங்க. கட்டுச்சோறுங்க!"

நாங்கள் இருவரும் அழுகிற மாதிரி சிரித்தோம். அந்தச் சிரிப்பில் மாஸ்டரைப் பிடித்துக்கொள்ள மறந்துவிட்டோம். பாரத்தை இறக்கிவைத்த மாஸ்டர் நேராக என் கைமேல் ஏறிச் சட்டைக்குள் புகுந்தது.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குச் சரியாக நினைவில்லை. நான் போட்ட சத்தத்தில் ஒரு எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதாகச் சொல்வார்கள். சட்டையைக் கழற்றி எறிந்தேன். அது பனியனுக்குள் போய்விட்டது. பனியனோடு ஆஸ்பத்திரி முற்றத்தில் நான் குதித்துக்கொண்டிருந்தபோது கேட்டில் மாமனார் நின்றிருந்தார். மனசு கேட்காமல், முகூர்த்தம் முடிந்ததும் பந்தியில்கூட உட்காராமல் கிளம்பி வந்திருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா நான் கத்தியதை அப்படியே சொல்லியிருக்கிறார்.

அவர் வந்து என் பனியனுக்குள் கையை விட்டு மாஸ்டரை எடுத்தார். தையலைப் பார்த்தார். கன்னத்தோடு வைத்துக்கொண்டு, "சாமி, உனக்கு ஒண்ணுமில்லடா சாமி" என்றார். டாக்டர் விஷயத்தைச் சொன்னபிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளைக்கு எலின்னா பயமுங்களா?"

"ஆமாங்க மாமா."

"அப்பறம் ஏனுங்க பாத்துக்கறேன்னு சொன்னீங்க?"

"உங்களைப் பாத்தா அதைவிடப் பயமுங்க."

அவர் சிரிப்பதை அன்றுதான் முதலில் பார்த்தேன். எருமைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து கூண்டைச் சுத்தம் செய்தபோது, பஞ்சுக்கு அடியில் நான் கொடுத்த மற்ற மாத்திரைகளும் பத்திரமாக இருந்தன. ஒன்றுகூட உள்ளே போகாமலேயே மாஸ்டர் குணமாகி, அதற்கப்புறமும் நெடுநாள் நன்றாக இருந்தது.

எங்கள் குடும்பத்தில் அன்றிலிருந்து எந்தப் பயம் வந்தாலும், பரீட்சை முடிவோ லாரி வர நேரமானதோ, யாராவது ஒருவர் கேட்பார்: "கட்டியா, கட்டுச்சோறா?"

பல வருஷம் கழித்து மாமனாருக்கே கழுத்தில் ஒரு கட்டி வந்தது. வெறும் கொழுப்புக் கட்டி என்று பிற்பாடு தெரிந்தது. ஆனால் கோயமுத்தூரில் ஆபரேஷனுக்கு உள்ளே போகும்போது அது யாருக்கும் தெரியாது. வீட்டில் ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. தள்ளுவண்டியில் படுத்திருந்தவர் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, டாக்டரிடம், "எதுக்கும் மொதல்ல கன்னத்த அமுக்கிப் பாத்துருங்க சார், கட்டுச்சோறா இருக்கப்போவுது" என்றார்.

டாக்டர் விழித்தார். நான்தான் விளக்க வேண்டியதாயிற்று. வண்டி நகர நகரக் கூடவே நடந்து, போசி, பஸ், கடலை என்று வரிசையாகச் சொன்னேன். டாக்டர் சிரிக்க ஆரம்பித்தார். என் மனைவியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கதவு வந்துவிட்டது. கட்டுச்சோறோடு அவசரமாகக் கதையை முடித்தேன்.

கதவு மூடுவதற்கு முன்னால் உள்ளேயிருந்து அந்தப் பழைய குரல் கேட்டது: "மாப்பிள்ளை, பனியனை விட்டுட்டீங்களே!"